கான்செப்ட் கார்: வேண்டாம் என்று ஒதுக்கப்பட்ட ஒரு வடிவம் பெருங்களத்தூர் வரை வந்த கதை

வாகனக் கண்காட்சிக்குப் போனவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள். மேடை போட்டு, விளக்கு வைத்து, சுற்றிக் கயிறு கட்டி ஒரு கார் நிற்கும். கதவில் கைப்பிடி இருக்காது. சக்கரங்கள் அளவுக்கு மீறிப் பெரிதாக இருக்கும். பக்கத்தில் நிற்பவரிடம் விலை கேட்டால், "இது கான்செப்ட் சார், விற்பனைக்கு இல்லை" என்பார். விற்காத வண்டியை ஏன் இவ்வளவு செலவு செய்து செய்கிறார்கள் என்ற கேள்வி அங்கே நிற்கும் எல்லோருக்கும் வரும்.

அதற்குப் பதில் சொல்ல ஒரே ஒரு காரின் கதை போதும் என்று நினைக்கிறேன். 1967-இல் இத்தாலியின் டூரின் நகரக் கண்காட்சியில் நின்ற கார் அது. செய்தது பினின்ஃபரினா நிறுவனம். எந்த பிரிட்டிஷ் கம்பெனியை மனதில் வைத்துச் செய்தார்களோ அந்தக் கம்பெனி அதைக் கண்டுகொள்ளவில்லை. ஆனால் அதே வடிவத்தைப் பிறகு பிரான்ஸில் பார்க்க முடிந்தது, இத்தாலியில் பார்க்க முடிந்தது, பிரிட்டனிலேயே வேறொரு பெயரில் பார்க்க முடிந்தது. 1985-இல் சென்னைக்குத் தெற்கே பெருங்களத்தூரிலும் பார்க்க முடிந்தது.

கதைக்குள் போகும் முன், கான்செப்ட் கார் என்றால் என்ன என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். மனதில் இருக்கும் ஓர் எண்ணத்தை முழு அளவில், தொட்டுப் பார்க்கும்படி செய்து நிறுத்துவதுதான் அது. காகிதத்தில் எந்தக் காரும் அழகாகத்தான் இருக்கும். நாலு மீட்டர் நீளத்துக்குத் தகடாக எதிரில் நிற்கும்போதுதான் கூரை தலையில் இடிக்குமா, உள்ளே உட்கார்ந்தால் சாலை தெரியுமா, பக்கவாட்டில் பார்த்தால் பின்பக்கம் பாரமாகத் தொங்குகிறதா என்பதெல்லாம் புரியும். முன்மாதிரி வண்டி, அதாவது புரோட்டோடைப், இதிலிருந்து வேறானது. கறுப்பு வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டி, முகத்தை மறைத்து நெடுஞ்சாலையில் ஓட்டிப் பார்க்கிறார்களே, அது தயாரிப்பதென்று முடிவாகிவிட்ட காரைச் சோதிப்பது. கான்செப்ட் கார் அந்த முடிவுக்கு முன்னால் வருவது. 'இப்படி ஒன்று செய்தால் எப்படி இருக்கும்?' என்று கேட்கும் கட்டம் அது.

இந்த வழக்கத்தைத் தொடங்கி வைத்ததாகப் பொதுவாகச் சொல்லப்படும் கார் 1938-ஆம் ஆண்டின் ப்யூக் ஒய்-ஜாப். ஜெனரல் மோட்டார்ஸின் வடிவமைப்புத் தலைவர் ஹார்லி ஏர்ல் செய்தது. அந்தக் காலத்துக் கார்களில் ஏறுவதற்குப் பக்கவாட்டில் படி இருக்கும். இதில் அது கிடையாது. ஹெட்லைட் மூடிக்குள் ஒளிந்திருந்தது, கண்ணாடி மின்சாரத்தில் ஏறி இறங்கியது. ஏர்ல் அதைக் கண்காட்சியில் வைத்ததோடு நிற்காமல் சொந்த வண்டியாகப் பல வருடம் ஓட்டினார். உலகப் போர் முடிந்தபின் வந்த அமெரிக்கக் கார்களின் தாழ்ந்து அகன்ற தோற்றத்துக்கு அந்த ஒரே ஒரு வண்டி முன்னோடியாக இருந்தது. ஒரு காரின் தோற்றம் அதற்குப் பின்னால் வரும் கார்களில் தங்கிப்போவதைத்தான் ஸ்டைலிங் தாக்கம் என்கிறோம்.

இந்தத் தாக்கம் ஒரு கம்பெனியின் கான்செப்ட் அதே கம்பெனியின் விற்பனைக் காராக மாறுவதிலும் இருக்கும். அது நேரான வழி, புரிந்துகொள்வது சுலபம். எனக்கு அதைவிட ஆர்வம் தருவது, ஒருவர் காட்டியதை வேறொருவர் உள்வாங்கி, தன் கைப்பட மாற்றிச் செய்வது. டூரின் காரின் கதை அந்த வகை.

பாடி கட்டுபவர்கள்

கரூரில் பஸ் பாடி கட்டுவது நமக்குத் தெரியும். சேசிஸ் ஓரிடத்திலிருந்து வரும், அதன்மேல் உடலைக் கட்டுவது இங்கே நடக்கும். இத்தாலியில் கார்களுக்கே இப்படிப் பாடி கட்டும் பட்டறைகள் இருந்தன. பெரும்பாலும் டூரின் நகரைச் சுற்றி. குதிரை வண்டிக் காலத்துத் தொழிலின் தொடர்ச்சி அது. பத்திஸ்தா ஃபரினா என்பவர் 1930-இல் அங்கே தன் பட்டறையைத் தொடங்கினார். வீட்டில் அவருக்குச் செல்லப்பெயர் பினின், குட்டி என்பதுபோல. அதுவே நிறுவனத்தின் பெயராகி, 1961-இல் அவருடைய குடும்பப் பெயரே சட்டப்படி பினின்ஃபரினா என்று மாறியது.

இப்படிப்பட்ட பட்டறைகளுக்கு வருடா வருடம் நடக்கும் கண்காட்சிதான் கடை வாசல். தொழிற்சாலை வைத்திருக்கும் பெரிய கம்பெனிகள் அங்கே வரும். அவர்கள் கண்ணில் படும்படி ஏதாவது ஒன்றைச் செய்து நிறுத்தினால் ஆர்டர் கிடைக்கலாம். கேட்காமலே ஒரு கம்பெனியின் காரை எடுத்து, 'உங்கள் வண்டியை இப்படியும் செய்யலாம்' என்று காட்டுவதும் உண்டு. அதற்குத் துணிச்சல் வேண்டும், கொஞ்சம் பணமும் வேண்டும்.

பினின்ஃபரினாவுக்கு பிரிட்டனில் பெரிய வாடிக்கையாளர் பிஎம்சி. ஆஸ்டின், மோரிஸ் இரண்டும் சேர்ந்த கம்பெனி. இங்கே நமக்கு ஓர் ஒட்டு இருக்கிறது. நம் அம்பாசிடர், மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் மூன்றாம் வரிசை. அந்த மாடலை இந்தியா அரை நூற்றாண்டுக்கு மேல் கைவிடாமல் வைத்திருந்தது. பிரிட்டனிலோ 1959-இலேயே ஆக்ஸ்ஃபோர்டுக்குப் புது உடல் வந்துவிட்டது, அந்த உடலை வடிவமைத்தது பினின்ஃபரினா. மூலையெல்லாம் கூர்மையாக, பின்னால் சிறு துடுப்புகளோடு இருக்கும். அம்பாசிடரின் உருண்டையான தோள்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இரண்டும் ஒரே குடும்பம் என்றே தோன்றாது.

பிஎம்சி 1964-இல் ஆஸ்டின் 1800 என்ற காரைக் கொண்டுவந்தது. மினியை உருவாக்கிய அலெக் இசிகோனிஸ்தான் இதற்கும் பொறியாளர். இன்ஜினைக் குறுக்கே வைத்து, முன்சக்கரங்களை இழுக்கவிட்டு, மிச்சமாகும் இடத்தையெல்லாம் உட்காருபவர்களுக்குக் கொடுப்பது அவர் பாணி. 1800-இன் உள்ளே அவ்வளவு இடம் இருந்தது. 1965-ஆம் ஆண்டுக்கான ஐரோப்பாவின் சிறந்த கார் விருதும் அதற்குக் கிடைத்தது. உறுதிக்கும் குறைவில்லை. 1968-இல் லண்டனிலிருந்து பம்பாய் வழியாக சிட்னி வரை நடந்த நெடும்பந்தயத்தில் பேடி ஹாப்கிர்க் ஓட்டிய 1800 இரண்டாவதாக வந்தது.

தோற்றம்தான் சிக்கல். அகலமாக, தட்டையாக, நான்கு மூலையிலும் சக்கரம் வைத்து உட்கார்ந்திருக்கும். பிரிட்டிஷ்காரர்கள் அதற்குத் தரை நண்டு என்று பெயர் வைத்தார்கள். இசிகோனிஸுக்கு அலங்காரம் என்றாலே பிடிக்காது. பினின்ஃபரினாவுக்கு அந்தக் காரின் தோற்றத்தில் ஒரு பங்கு இருந்தாலும் முழுவதையும் அவர்கள் கையில் விடவில்லை. அதே காரின் இயந்திரப் பாகங்கள்மேல் தங்கள் விருப்பப்படி ஓர் உடலைச் செய்து 1967-இல் டூரினில் நிறுத்தினார்கள். பெயர் பிஎம்சி 1800 பெர்லினா ஏரோடைனமிகா. பெர்லினா என்றால் நான்கு கதவு குடும்பக் கார். பின்பாதிக்குப் பொருள், காற்றியல்படி அமைந்தது.

இதை வடிவமைத்தவர் லியோனார்டோ ஃபியோரவந்தி. 1938-இல் பிறந்தவர், அப்போது வயது 29. மிலான் பாலிடெக்னிக்கில் இயந்திரப் பொறியியல் படித்து, காற்றியலில் தனிக் கவனம் செலுத்திவிட்டு 1964-இல் பினின்ஃபரினாவில் சேர்ந்தார். படம் வரையத் தெரிந்தவர் காற்றையும் படித்திருந்தார். அந்தச் சேர்க்கை இல்லாவிட்டால் இந்தக் கார் இல்லை.

காற்று என்ன செய்கிறது

இந்த வடிவம் ஏன் இப்படி இருக்கிறது என்று புரிய, காற்றைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். அவசரப்படாமல் பார்ப்போம், மற்றதெல்லாம் இதன்மேல்தான் நிற்கிறது.

ஓடும் வண்டி எதிரே இருக்கும் காற்றை விலக்கிக்கொண்டு போகிறது. மெதுவாகப் போனால் அது தெரியாது. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். மூன்று மடங்கானால் ஒன்பது. நெடுஞ்சாலையில் போகும்போது இன்ஜினின் உழைப்பில் பெரும் பங்கு காற்றைத் தள்ளுவதற்கே போய்விடுகிறது.

காற்றை முன்பக்கம்தான் கிழிக்கிறது, அதனால் மூக்கு கூராக இருந்தால் போதும் என்று நாம் நினைப்போம். ஆனால் பெரிய இழப்பு நடப்பது வாலில். மண் சாலையில் பஸ் கடந்து போவதை நினைத்துப் பாருங்கள். பஸ்ஸுக்கு முன்னால் புழுதி இருக்காது. பின்னால்தான் புழுதியும் சருகும் சுழன்று சுழன்று பஸ்ஸையே துரத்திக்கொண்டு ஓடும். பஸ் விட்டுச்சென்ற இடத்தை நிரப்பக் காற்று ஓடிவருகிறது, ஒழுங்காக வந்து சேர முடியாமல் சுழல்கிறது. அந்த இடத்தில் அழுத்தம் குறைந்துவிடும். முன்னால் காற்று தள்ள, பின்னால் அந்த வெற்றிடம் பிடித்து இழுக்க, இரண்டும் சேர்ந்து வண்டியைத் தாமதப்படுத்துகின்றன.

சரி, காற்று சுழலாமல் அமைதியாகச் சேர என்ன வழி? வீட்டுக் குழாயைத் திறந்து, விழும் தண்ணீரில் ஒரு கரண்டியின் முதுகை லேசாகத் தொட்டுப் பாருங்கள். தண்ணீர் நேரே விழாமல் கரண்டியின் வளைவை ஒட்டிக்கொண்டு வழியும். காற்றும் அப்படித்தான், மென்மையான வளைவை ஒட்டிக்கொண்டே வரும். வளைவு சட்டென்று இறங்கினால் பிடியை விட்டுவிடும். அம்பாசிடரைப் பக்கவாட்டில் பார்த்தால் பானெட் ஒரு பெட்டி, ஆட்கள் உட்காரும் இடம் ஒரு பெட்டி, டிக்கி ஒரு பெட்டி என்று மூன்று பெட்டியாகத் தெரியும். பின்கண்ணாடிக்கும் டிக்கிக்கும் இடையே இருக்கும் அந்தப் படியில்தான் காற்று பிடியை விடுகிறது.

மீனைப்போல வாலை மெல்ல மெல்லக் குறுக்கிக்கொண்டே போனால் காற்று கடைசிவரை ஒட்டிவரும். பறக்கும் ஸெப்பலின் கப்பல்களில் வேலை பார்த்த பால் யாரே 1920-களிலேயே இந்த எண்ணத்தைக் கார்களுக்குக் கொண்டுவந்தார். 1934-இல் செக்கோஸ்லோவாக்கியாவில் வந்த டாட்ரா 77 அந்த வழியில் பிறந்தது. நீண்ட வாலோடு இன்றைக்குப் பார்த்தாலும் வியப்பாக இருக்கும். ஆனால் அவ்வளவு நீள வாலை ஊருக்குள் எங்கே திருப்புவது, எங்கே நிறுத்துவது?

ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் பேராசிரியராக இருந்த வூனிபால்ட் காம் 1930-களில் அதற்கு வழி சொன்னார். கூரையை மெதுவாகச் சரியவிடு. பாதி வழியில் செங்குத்தாக வெட்டிவிடு. முழு வால் தரும் பலனில் பெரும்பகுதி அப்போதும் கிடைத்துவிடும். வெட்டிய முகம் சிறிதாக இருப்பதால் சுழலும் சிறிதாகவே இருக்கும். வெட்டுவால் என்று சொல்லிக்கொள்ளலாம். உலகம் அதை அவர் பெயரிலேயே காம் வால் என்கிறது.

பந்தயக் கார்களில் இது 1960-களில் பரவலாக வந்துவிட்டது. பந்தயக் காரில் இரண்டு பேர்தான், சாமான் கிடையாது, கூரை எவ்வளவு தாழ்ந்தாலும் பரவாயில்லை. ஃபியோரவந்தி அதே பாடத்தை ஐந்து பேரும் பெட்டி படுக்கையும் போகும் குடும்பக் காருக்குக் கொண்டுவந்தார். அதுதான் புதிது.

அது ஏன் அந்தக் காரில் முடிந்தது என்பதையும் பார்க்க வேண்டும். இசிகோனிஸின் அமைப்பில் இன்ஜின் குறுக்கே இருந்ததால் மூக்கு குட்டையாக இருந்தது. பின்சக்கரத்துக்கு விசை போகும் தண்டு இல்லாததால் தரை தாழ்ந்து தட்டையாக இருந்தது. தரை தாழ்ந்தால் ஆட்கள் தாழ்ந்து உட்காரலாம், கூரையையும் தாழ்த்தலாம். ஆட்களை முன்பக்கம் தள்ளி உட்கார வைத்துவிட்டு, அவர்கள் தலைக்குப் பின்னால் கூரையை மெதுவாகச் சரியவிட நீளம் கிடைத்தது. தரை நண்டு என்று கேலி செய்யப்பட்ட காரின் உள்ளமைப்பே இந்த வடிவத்துக்குச் சரியான அடித்தளமாக இருந்தது. உள்ளே ஒரு மேதை, வெளியே ஒரு மேதை. இருவரும் ஒருமுறை உட்கார்ந்து பேசியிருக்கக்கூடாதா என்று எனக்கு இன்றும் ஆதங்கம் உண்டு.

காரைப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். தாழ்ந்த மூக்கு. அங்கிருந்து பானெட் ஏறி, நன்றாகச் சாய்ந்த முன்கண்ணாடியோடு ஏறக்குறைய ஒரே ஓட்டத்தில் சேர்கிறது. கூரை ஒரே வில்லாக வளைந்து பின்னால் இறங்கி, உயரத்திலேயே வெட்டி நிற்கிறது. கதவுகளுக்குப் பின்னாலும் ஒரு ஜன்னல், ஆக ஒரு பக்கத்துக்கு மூன்று. உள்ளே வெளிச்சம் நிறைய வரும், கனமான உடலும் லேசாகத் தெரியும். மூன்று பெட்டி போய் இரண்டே பெட்டி. அடுத்த ஆண்டு, 1968-இல், பிஎம்சியின் சிறிய காரான 1100-க்கும் இதே பாணியில் ஓர் உடல் செய்து காட்டினார்கள்.

பிஎம்சி இரண்டையும் எடுத்துக்கொள்ளவில்லை. காலமும் கூடிவரவில்லை. கம்பெனி 1966-இல் ஜாகுவாரோடு சேர்ந்திருந்தது, 1968-இல் லேலண்டோடு சேர்ந்து பிரிட்டிஷ் லேலண்ட் ஆனது. எந்தத் தொழிற்சாலையை வைப்பது, எந்தக் காரை நிறுத்துவது என்று ஓடிக்கொண்டிருந்த நேரம்.

யார் யாரிடம் போனது

1970-இல் பிரான்ஸின் சிட்ரோயன் கம்பெனி ஜிஎஸ் என்ற சிறிய குடும்பக் காரைக் கொண்டுவந்தது. 1974-இல் அதற்கு அண்ணனாக சிஎக்ஸ் வந்தது. பினின்ஃபரினாவின் 1100-ஐயும் ஜிஎஸ்ஸையும், 1800-ஐயும் சிஎக்ஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், முதல்முறை பார்ப்பவர் யாரும் ஒரு நிமிடம் பேசாமல் நின்றுவிடுவார். அதே வில் கூரை, அதே மூன்று ஜன்னல், அதே வெட்டுவால்.

அப்படியானால் சிட்ரோயன் திருடியதா? நான் அப்படிச் சொல்ல மாட்டேன். 1955-லேயே டிஎஸ் என்ற காரைச் செய்து காற்றைப் பற்றி உலகத்துக்குப் பாடம் எடுத்த கம்பெனி அது. ஜிஎஸ், சிஎக்ஸ் இரண்டுக்கும் வடிவமைப்புத் தலைமை ராபர்ட் ஓப்ரான், அவர் சாதாரண ஆள் இல்லை. டூரின் கார் வந்த அதே 1967-இல் ஜெர்மனியில் என்எஸ்யூ ரோ 80 என்ற காரும் தாழ்ந்த மூக்கு, உயர்ந்த பின்பக்கத்தோடு வந்தது. அந்த எண்ணமே காற்றில் இருந்தது என்று சொல்ல வேண்டும். ஆனாலும் எண்ணம் வேறு, உருவம் வேறு. 'குடும்பக் கார் இந்த விகிதத்தில், இந்தக் கோட்டில் இருந்தால் பொருத்தமாகவும் இருக்கும், அழகாகவும் இருக்கும்' என்று முழு அளவில் முதலில் செய்து நிறுத்தியது பினின்ஃபரினா. அதைப் பார்த்தபின் மற்றவர்களுக்குத் தயக்கம் போயிருக்கும் என்பது என் எண்ணம். விற்காத காரின் வேலையே அதுதானே.

அந்த வடிவம் வெறும் தோற்றமாக நின்றுவிடவில்லை என்பதற்கு ஜிஎஸ் நல்ல சாட்சி. தொடக்கத்தில் அதன் இன்ஜின் 1,015 சிசிதான். அதை வைத்துக்கொண்டு அந்தக் கார் மணிக்கு 145 கி.மீ.க்குப் பக்கத்தில் போனது. 1971-இன் சிறந்த ஐரோப்பியக் கார் விருது ஜிஎஸ்ஸுக்கும், 1975-இன் விருது சிஎக்ஸுக்கும் போயின. சிஎக்ஸ் என்ற பெயரே காற்றெதிர்ப்பு எண்ணுக்குப் பிரெஞ்சுக்காரர்கள் எழுதும் குறியீடுதான்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இவ்வளவு அழகாகச் சரியும் பின்பக்கத்தை முழுதாகத் திறக்கும் கதவாக, ஹேட்ச்பேக்காக, வைத்திருக்கலாம். ஆனால் ஜிஎஸ்ஸிலும் சிஎக்ஸிலும் கண்ணாடிக்குக் கீழே சின்ன டிக்கிக் கதவுதான். பினின்ஃபரினாவே வடிவமைத்து 1976-இல் வந்த லான்சியா கம்மாவிலும் அதே கதை. பின்கதவு முழுதாகத் திறந்தால் சரக்கு வண்டி மாதிரி இருக்கும், கௌரவக் காருக்குப் பொருந்தாது என்ற எண்ணம் அன்று பலமாக இருந்தது. வடிவத்தை ஏற்றுக்கொண்டவர்களும் அதன் பயன் முழுவதையும் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை.

திரும்பிப் போனது, அப்புறம் இங்கே வந்தது

பிரிட்டிஷ் லேலண்டுக்குள் ரோவர் என்ற பிரிவு இருந்தது. பொறியாளர் ஸ்பென் கிங், வடிவமைப்பாளர் டேவிட் பேச் இருவரும் அங்கே ஒரு பெரிய காரைத் திட்டமிட்டார்கள். 1976-இல் அது எஸ்டி1 என்ற உள்பெயரோடு ரோவர் 3500 ஆக வந்தது. ஐந்து கதவு, சரியும் கூரை, ஒரு பக்கத்துக்கு மூன்று ஜன்னல், பின்னால் வெட்டு. இந்த முறை பின்கதவு முழுதாகத் திறந்தது. 1977-இன் சிறந்த ஐரோப்பியக் கார் விருது இதற்கு.

இதன் முகத்துக்கும் பக்கவாட்டுக் கோட்டுக்கும் ஃபெராரி டேடோனாதான் தூண்டுதல் என்பது அப்போதே எல்லோருக்கும் தெரிந்த செய்தி. மொத்த உருவத்தில் பினின்ஃபரினாவின் 1800 தெரிகிறது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. 1968-இல் பாரிஸ் கண்காட்சியில் வந்த டேடோனாவை வடிவமைத்தவரும் அதே ஃபியோரவந்திதான். ஆக ரோவரின் முகமும் வாலும் ஒரே மனிதரின் இரண்டு வேலைகளிலிருந்து வந்தவை. அவர் ரோவருக்காக ஒரு கோடுகூட வரைந்ததில்லை. அதே கம்பெனியின் முன்னோர் ஒன்பது வருடத்துக்கு முன் வேண்டாம் என்று விட்ட வடிவம், சுற்று வழியில் வீட்டுக்கே திரும்பிவிட்டது.

இனி நம் பக்கம். சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் என்று ஒரு கம்பெனி இருந்தது. ஸ்டாண்டர்ட் ஹெரால்டு கார் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அதற்குப் பின் கெஸல் வந்தது. எழுபதுகளின் கடைசியில் கார் தயாரிப்பு நின்று, வேன்கள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. 1985-இல் அவர்கள் ரோவர் எஸ்டி1-ஐ ஸ்டாண்டர்ட் 2000 என்ற பெயரில் பெருங்களத்தூர்த் தொழிற்சாலையில் செய்ய ஆரம்பித்தார்கள். தெருவெல்லாம் அம்பாசிடரும் பிரீமியர் பத்மினியும் ஓடிய காலம், மாருதி 800 அப்போதுதான் வரத் தொடங்கியிருந்தது. அவற்றின் நடுவே இந்தக் கார் நின்றால் வேற்றூர் விருந்தாளி மாதிரி இருக்கும்.

உடல் மட்டும்தான் ரோவர். பிரிட்டனில் எட்டு சிலிண்டர் இன்ஜின் 155 குதிரைத்திறனோடு அந்தக் காரை 200 கி.மீ. வேகத்துக்குக் கொண்டுபோனது. இங்கே வைத்தது 1,991 சிசி நான்கு சிலிண்டர். நாற்பதுகளின் ஸ்டாண்டர்ட் வேன்கார்டு கார் குடும்பத்து இன்ஜின் அது. அதன் உடன்பிறப்புகள் ஃபெர்குசன் டிராக்டரில் உழுதிருக்கின்றன. திறன் ஏறக்குறைய பாதி. நம் சாலைகளுக்காக வண்டியின் உயரத்தையும் கூட்டினார்கள். காற்றை வெல்லச் செய்த வடிவம், காற்று ஒரு பொருட்டே ஆகாத வேகத்தில் ஓடியது. பெட்ரோல் செலவு அதிகம், விலையும் அதிகம். 1988-இல் தயாரிப்பு நின்றது, கம்பெனியும் அதோடு முடிந்தது. தொழிற்சாலை இருந்த இடத்தில் இப்போது ஐடி அலுவலகங்களும் அடுக்குமாடிகளும் நிற்கின்றன.

தோற்றம் ஓர் ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குப் போகும்போது அதன் காரணமும் கூடவே போனால்தான் பலன் கிடைக்கும். சிட்ரோயனில் காரணம் கூடவே போனது, சின்ன இன்ஜினே அவ்வளவு வேலை செய்தது. ஸ்டாண்டர்டில் தகடு மட்டும் கப்பலேறி வந்தது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுக்கமாக இருந்த நாட்டில், கையில் இருந்த இன்ஜினை வைத்து அவர்கள் செய்தது அது. பழைய கார் ஆர்வலர்கள் அந்த வண்டிகளை இன்றும் பாசத்தோடு பார்த்துக்கொள்வது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. அடுத்தமுறை ஒன்று கண்ணில் பட்டால் பக்கவாட்டில் ஒரு நிமிடம் நின்று கூரை இறங்கும் கோட்டைப் பாருங்கள்.

அந்தக் காரணம் இப்போது முழு பலத்தோடு திரும்பி வந்திருக்கிறது. டொயோட்டா ப்ரியஸின் இரண்டாம் தலைமுறை 2003-இல் வந்தபோது அதன் உருவம் சரியும் கூரையும் உயர்ந்த வெட்டுவாலுமாக இருந்தது. மின்சாரக் காருக்கு இது இன்னும் முக்கியம். ஒரே சார்ஜில் எத்தனை கிலோமீட்டர் போகும் என்பதைக் காற்று பெருமளவு தீர்மானிக்கிறது. அதனால்தான் உயரமான எஸ்யூவிகளுக்குக்கூடப் பின்கூரையைச் சரிக்கிறார்கள்.

மகிந்திரா 2022 ஆகஸ்டில் இங்கிலாந்தில் சில மின்சாரக் கான்செப்ட் கார்களைக் காட்டியது. அவற்றில் எக்ஸ்யூவி.இ9 என்பது பின்னால் நன்றாகச் சரியும் கூரை கொண்டது. அது ஒதுக்கப்படவில்லை. இரண்டே வருடத்தில், 2024 நவம்பரில், பெரிய மாற்றமில்லாமல் எக்ஸ்இவி 9இ என்ற விற்பனைக் காராகத் திரை விலக்கப்பட்டது. அந்த நிகழ்ச்சி நடந்தது சென்னையில். மகிந்திராவின் ஆராய்ச்சி மையம் இருப்பதும் செங்கல்பட்டுப் பக்கம். பெருங்களத்தூரிலிருந்து ஜிஎஸ்டி சாலையில் நேராகத் தெற்கே போனால் வந்துவிடும். அந்த மகிந்திராதான் 2015 டிசம்பரில் ஒப்பந்தம் போட்டு பினின்ஃபரினாவையும் வாங்கியது.